ராம்புட்டான் தர மாட்டேன் என்ற நாற்றுப் பண்ணை

ராம்புட்டான் வேண்டும் என்று போனவனிடம், "உங்க வீட்டுக்கு அது வேண்டாம்" என்று சொல்லித் தராமல் விட்ட கடை இது. அதற்காகவே எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் நாற்றுக் கடைக்குப் பஞ்சமில்லை. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரை பச்சை வலைப் பந்தல் போட்டவர்கள் எத்தனையோ பேர். பணத்தை நீட்டினால் கேட்டதைக் கவரோடு தூக்கி வண்டியில் வைத்துவிடுவார்கள். வைப்பதற்கு முன்னால் கேள்வி கேட்ட இடம், நான் போனவற்றில், இது ஒன்றுதான். பெயரைப் போடவில்லை, நடத்துகிற அம்மா போட வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே சமாளிக்க முடியவில்லையாம். குலசேகரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரப்பர் தோட்டத்தை ஒட்டி, ரோட்டு வளைவில் இருக்கிறது. தேடிப் போகிறவர்களுக்கு இது போதும்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மரம் வளர்த்ததைவிட மரக்கொம்பு வெட்டியதுதான் அதிகம். அதனால் ஒரு மரத்தைப் பார்த்தால் பூவும் காயும் எனக்கு அப்புறம்தான் கண்ணில் படும். எந்தப் பக்கம் சாயும், கொம்பு எந்தக் கம்பியில் விழும் என்பதுதான் முதலில் தெரியும். 2017 நவம்பர் 30இல் ஓகி புயல் அடித்தபோது வாரக்கணக்கில் வீட்டுக்கு ஒழுங்காகப் போகவில்லை. ஆயிரக்கணக்கில் கம்பங்கள் விழுந்து கிடந்தன. காற்று தள்ளிய கம்பம் ஒரு பக்கம், மரம் விழுந்து முறிந்த கம்பம் இன்னொரு பக்கம். ரப்பர் வரிசை வரிசையாக நடுவில் முறிந்து நின்றது. வீட்டு முற்றங்களில் நான் அதிகம் அறுத்துத் தள்ளியது குல்மோகர்தான். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். பூத்து நிற்கும்போது யாருக்கும் ஆசை வரும். ஆனால் வேர் மேலாகவே ஓடும், காம்பவுண்டைத் தூக்கும், கொம்பு சட்டென்று ஒடியும். இன்றைக்கும் புது வீட்டு வாசலில் அதை நடுகிறவர்களைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவேன். கேட்பவர் குறைவு.

எனக்கு வில்லுக்குறி பக்கம் பத்து சென்ட். வீடு போக, மேற்கே பதினான்கு அடி அகலத்தில் நீள இடம், தென்மேற்கு மூலையில் கொஞ்சம் தாராளம், கிழக்கே ரோட்டோரமாக ஒரு துண்டு. கிழக்குத் துண்டுக்கு மேலேதான் சர்வீஸ் ஒயர் வருகிறது. தேவை என்னவோ எளிது: கான்கிரீட் வீட்டின் மேற்குச் சுவர் மாசியிலிருந்து இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வரைக்கும் கொதிக்கிறது, அதற்கு நிழல் வேண்டும். கூடவே பேரப்பிள்ளைகள் பறித்துத் தின்ன ஏதாவது பழம்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் "தங்கச்சி, ராம்புட்டான் என்-18 ரெண்டு மூடு வேணும்" என்றேன். அவர் பந்தலுக்குள் போகாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சிக்க வீடு எங்க?"

"வில்லுக்குறி."

"மேக்க காத்து நேர அடிக்குமா?"

"அடிக்குமே. ஆடியில ஓட்டையே பிச்சிட்டுப் போவும்."

"கெணறு எந்தப் பக்கம்? செப்டிக் டேங்கு? கறண்டு கம்பி?"

எல்லாம் சொன்னேன். கடைசியாக ஒன்று கேட்டார்: "சருகு யாரு வாருவா?"

இந்தக் கேள்விக்கே கடைக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம். என் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி, நான் வாயைத் திறக்கும் முன்பே, "நான்தான்" என்றாள். அதற்குப் பிறகு பேச்சு அவர்கள் இரண்டு பேருக்கும் இடையேதான் நடந்தது. நான் பர்ஸை எடுக்கவும் கவரைத் தூக்கவும் மட்டும்.

ராம்புட்டானை ஏன் மறுத்தார் என்பதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், பலருக்கும் உதவும். இது ஈரப்பதம் பிடித்த மரம். குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்புப் பக்கம் மலை மறைப்பும் மழையும் இருப்பதால் சொன்ன பேச்சுக் கேட்டு வளரும். வில்லுக்குறியிலிருந்து கிழக்கே போகப் போக மழை குறைகிறது, ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிக் காற்று ஏறுகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அந்தக் காற்றில் ராம்புட்டான் இலையின் நுனி கருகும், இளங்கொம்பு அடிபடும், கோடையில் தண்ணீர் தவறினால் பூ உதிரும். அப்படியும் காய்த்தால் வவ்வாலுக்கு வலை போட வேண்டும். "தாரதுக்கு என்ன, காசு வாங்கிட்டு தாரேன். மூணு வருசம் கழிச்சி எனக்க கடையப் பத்தி நீங்க ஊரெல்லாம் சொல்லுவியளே" என்றார். விதையிலிருந்து முளைத்த ராம்புட்டானை யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள் என்றும் சொன்னார்: ஆண் மரமாகப் போனால் ஆயுசுக்கும் காய் கிடையாது, பட் செடிதான் (மொட்டு ஒட்டிய கன்று) வாங்க வேண்டும். மங்குஸ்தானும் அதே கதை, இன்னும் மெதுவாக: விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருடம், சில சமயம் அதற்கும் மேல்.

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், மாடி வீட்டின் மறைவில், கிழக்குப் பக்கமாக ஒரு ராம்புட்டான் நன்றாகவே காய்க்கிறது. மறைவு இருந்தால் வரும் என்பது என் கட்சி. ஆனால் என் வீட்டில் மறைவான கிழக்குப் பக்கத்தில்தான் ஒயர் போகிறது. அதனால் வாதம் செய்து பயனில்லை.

அடுத்து நான் கேட்டது அயினி, பலா இனத்துக் காட்டு மரம். குமரிக்காரனுக்கு அயினிச்சக்கையின் ஆசையைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. பங்குனி சித்திரையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மரத்து மூட்டில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கித் தின்ற தலைமுறை நாங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம், வள்ளம் கட்டத் தடி கொடுத்த மரம். அதன் தை (கன்றை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அந்தப் பண்ணையில் இருந்தது, விலையும் குறைவு. "ஏக்கர் கணக்குல விளை இருக்கவங்களுக்கு வச்சிருக்கேன்" என்று அதையும் மறுத்தார். இதில் நான் வாதாடவில்லை. நூறு அடி உயரம் போகிற மரத்தைப் பத்து சென்டில் வைத்தால், எனக்குப் பிறகு வருகிற லைன்மேன் என்னைத் திட்டுவான்.

சக்கை, அதாவது பலா, பற்றி நீளமாகவே பேசினார். இப்போது எல்லோரும் வியட்நாம் சூப்பர் ஏர்லி கேட்கிறார்கள். இரண்டு வருடத்துக்குள் காய் பிடிக்கும், மரம் சின்னதாக நிற்கும், விற்பனை அதுதான் அதிகம். அதை அவரும் விற்கிறார். ஆனால் நாட்டு வருக்கையின் சுளை தின்று பழகியவர்கள் முதல் பழத்தை அறுத்துவிட்டு வந்து முகம் சுளிப்பதும் உண்டாம். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம் ஆட்கள் பலருக்கு ஞாபகம் வருவதில்லை. பேச்சிப்பாறை 1 என்ற சக்கை ரகமே அங்கிருந்து வெளிவந்ததுதான். சக்கை வைக்க ஆசைப்படுகிறவர் அங்கே ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று இந்த அம்மாவே சொன்னார், தன் வியாபாரம் போனாலும் போகட்டும் என்று. எப்படியானாலும் மூட்டில் தண்ணீர் கட்டும் இடத்தில் சக்கை வேண்டாம், வேர் அழுகிவிடும். எங்கள் மேற்குப் பக்கம்தான் மாடித் தண்ணீர் இறங்குகிற இடம். ஆகவே சக்கையும் இல்லை.

இத்தனை மறுப்புக்குப் பிறகு எதைத்தான் தந்தார் என்று கேட்பீர்கள்.

மேற்குச் சுவருக்கு மகிழம். நான் முதலில் கேட்டது புங்கை, வேம்பு மாதிரி சீக்கிரம் வளர்வதை. வீட்டுக்காரி சருகு என்றாள். புங்கை கோடை தொடங்கும் முன் மொத்தமாக இலையைக் கொட்டும், அதை அவள் அறிவாள். வேம்புக்குச் சமீப காலமாகத் தேயிலைக் கொசு வந்து கொழுந்து காய்ந்து போவதை அந்த அம்மா எடுத்துச் சொன்னார். மகிழம் எப்போதும் பச்சை, இலை அடர்த்தி, தடி உறுதி, கொம்பு லேசில் ஒடியாது, வெட்டி அடக்கினால் அடங்கும். குறை ஒன்றே: வளர்ச்சி மெதுவு. பூ விழுந்தால் வாரிக் கொட்டும் குப்பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காய்ந்தாலும் மணம் போகாத பூ அது.

எங்கே நட வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது. நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரிதான் வடக்கே இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்திலும் ஆவணி நடுவிலும் மதியச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வேளை நிழல் மரத்துக்கு அடியில் மட்டும்தான், சுவருக்கு இல்லை. சுவரைச் சுடுவது மூன்று மணிக்கு மேல் வரும் வெயில். சித்திரை, வைகாசியில் சூரியன் நேர் மேற்கில் அல்ல, கொஞ்சம் வடக்கு தள்ளி இறங்குகிறது. ஆகவே மரம் சுவரின் நடுவில் அல்ல, வடமேற்குப் பக்கம் தள்ளி. வீட்டுக்கு வந்து சாயங்காலம் ஒரு கம்பை நட்டு நிழலைப் பார்த்தேன்; அவர் சொன்னது சரி.

தென்மேற்கு மூலைக்குச் செங்கவருக்கை மாவு (மாமரத்தை எங்கள் பக்கம் மாவு என்போம்), ஒட்டு. வில்லுக்குறி, தக்கலைப் பகுதியில் தை, மாசியில் மழை ஓய்ந்து வெயில் கிடைப்பதால் மாமரம் பூக்கும். மலையோரத்தில் மழை விடாமல் இருக்கும் இடங்களில் மா வைத்தால் இலை தழைக்கும், பூ ஏமாற்றும். பூத்தாலும் தத்துப்பூச்சியும் கரும்பூசணமும் பிடிக்கும். அதாவது குலசேகரத்துக்காரர் ராம்புட்டான் வைக்க வேண்டும், வில்லுக்குறிக்காரர் மா வைக்க வேண்டும். இரண்டு பேரும் மற்றவர் வீட்டு மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். மரத்துக்கு மரம் முப்பது அடி என்பது பழைய கணக்கு. ஒரு மரம்தான், வருடா வருடம் காய் பறித்ததும் கொம்பு வெட்டி உயரத்தை அடக்குவேன் என்றால் அந்த மூலை போதும் என்றார். கொம்பு வெட்டுவதை எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒயருக்குக் கீழே பவழமல்லி. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திக்கொள்ளலாம். நான் தென்னை ஒன்று வைக்கலாமா என்று வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். "லைன்மேனா இருந்துட்டு இதக் கேக்கியளா?" என்று சிரித்துவிட்டார். மழையில் நனைந்த ஓலை கம்பியில் விழுந்து ஃபியூஸ் போகாத நாள் நான் வேலை பார்த்த காலத்தில் குறைவு.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை, நான் அங்கே நின்றபோது குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு அவர் சொன்னது: உப்புக் காற்றுக்குப் புன்னையும் பூவரசும்தான். புன்னை மெதுவாக வரும், ஆனால் மணலில் நிற்கும், காற்றுக்கு அசையாது. பூவரசுக்குத் தை வாங்கவே வேண்டாம், ஒரு போத்தை வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றினால் போதும் என்று சொல்லி, அவருக்குப் பூவரசு விற்காமலே அனுப்பினார். இந்த அம்மா எப்படிப் பிழைக்கிறார் என்று வீட்டுக்காரி வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஒட்டுத் தை பார்த்து வாங்குவது எப்படி என்று அவர் காட்டியதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தழும்பாகத் தெரிய வேண்டும், அங்கே கறுப்போ வெடிப்போ இருக்கக் கூடாது. ஒட்டுக்கு மேலே புதுத் தளிர் விட்டு முற்றியிருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே தளிர் இருந்தால் அது அடிமரத்தின் தளிர், கிள்ளி எறிய வேண்டும். விட்டுவிட்டால் மேலே இருக்கிற செங்கவருக்கை காய்ந்து கீழே நாட்டு மாவு வளரும். கவரைத் தூக்கிப் பார்த்து, அடியில் வேர் துளைத்து மண்ணில் இறங்கியிருந்தால் அதை எடுக்க வேண்டாம். பெரிய தை வேண்டும் என்று ஆளுயரத்தைத் தூக்குகிறவர்கள்தான் அதிகம். சின்னக் கவரில் ரொம்ப நாள் நின்று வேர் சுருண்ட ஆளுயரத்தைவிட முழங்கால் உயரத் தை சீக்கிரம் முந்தும்.

மினி லாரியில் தை கொண்டுவந்து பழப் படத்தைத் தொங்கவிட்டு விற்கிறவர்களிடம் இதையெல்லாம் பார்க்க விட மாட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி அப்படி ஒரு வண்டியில் வருடம் முழுக்கக் காய்க்கும் மாவு என்று சொல்லி வாங்கினான். அது இலை மட்டும் வருடம் முழுக்க விடுகிறது.

நடும் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், கையெழுத்தில். மூன்றடி நீள, அகல, ஆழக் குழி. எங்கள் மண் செம்மண்ணும் சரலும். கடப்பாரை இல்லாமல் இறங்காது. அடியில் கதம்பை (தேங்காய் மட்டை) இரண்டு அடுக்கு, குழிப்பக்கம் மேலே பார்க்க. மழை நின்ற பிறகும் ஈரம் பிடித்து வைக்கும். செதல் (கரையான்) வராமல் இருக்க வேப்பம் பிண்ணாக்கு, பிறகு மக்கிய சாணிப்பொடியும் மேல்மண்ணும். ஒட்டுத் தழும்பு மண்ணுக்குள் போகக் கூடாது. இடவப்பாதி மழை தொடங்கி மண் நனைந்த பிறகு நட வேண்டும். பங்குனியில் நட்டுவிட்டு வாளி தூக்குவது வீண் வேலை. காற்றுக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டுச் சணல் கயிறு கட்ட வேண்டும், இறுக்கி அல்ல. மாவு சீக்கிரம் பூத்தால் முதல் இரண்டு மூன்று வருடம் பூவைக் கிள்ளிவிட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.

போன இடவப்பாதிக்கு நட்டது. மூன்றும் பிடித்துவிட்டன. செங்கவருக்கை மூன்றாவது தளிர் விட்டு, செம்பு நிறம் மாறிப் பச்சையாகிவிட்டது. பவழமல்லி கார்த்திகையிலேயே பூக்க ஆரம்பித்தது. மகிழம் மட்டும் நட்ட உயரத்திலிருந்து அரை முழம்தான் ஏறியிருக்கிறது. மேற்குச் சுவர் இந்தக் கோடையிலும் கொதித்தது. அதற்கு வழியையும் கேட்டிருந்தேன்: மரம் வளரும் வரை சுவருக்கு முன்னால் பந்தல் கட்டிக் கோவைக்காயோ பாகலோ ஏற்றிவிடச் சொன்னார். கோவை ஏற்றினோம். சுவருக்கு நிழலாச்சு, பொரியலுக்கும் ஆச்சு.

நான் கொடுத்த விலை: செங்கவருக்கை ஒட்டு 250 ரூபாய், மகிழம் 150, பவழமல்லி 60. மலிவு என்று சொல்ல மாட்டேன். சுற்றுவட்டாரத்தில் இதைவிடக் குறைத்துத் தருபவர்கள் உண்டு. எல்லுப்பொடி (எலும்புத் தூள்), பிண்ணாக்கு எல்லாம் இங்கே வாங்க வேண்டாம். உரக்கடையில் கிலோவுக்குக் கணிசமாகக் குறையும்.

குறைகளும் இருக்கின்றன. தையில் கட்டிய அட்டைகள் மழையில் கரைந்து பெயர் படிக்க முடியவில்லை. மா ரகங்கள் பத்துக்கு மேல் ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த அம்மாவுக்கு இலையைக் கசக்கி மோந்தே ரகம் தெரியும், நமக்குத் தெரியாது. ஒன்று மாறிப்போனால் தெரிவது நாலு வருடம் கழித்து. பெரிய கவர் தைகளில் வேர் அடியில் இறங்கியவை சிலவும் வரிசையிலேயே நிற்கின்றன. அவற்றை ஒதுக்கி வைக்கலாம். வளைவில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, ரப்பர் பால் ஏற்றிய டெம்போ இறக்கத்தில் வரும்போது நெஞ்சு பதறும். பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று முழுக்க அந்த அட்டைக்கு.

போகிறவர்கள் வார நாளில் காலையில் போங்கள். மதியத்துக்கு மேல் அந்த அம்மா இருப்பதில்லை. நிற்கிற பையன் நல்லவன்தான், ஆனால் அவனிடம் ராம்புட்டான் கேட்டால் ராம்புட்டான் தந்துவிடுவான். உங்கள் இடத்தை ஒரு தாளில் வரைந்து, கிணறு, டேங்க், கம்பி, வடக்கு எது என்று குறித்து எடுத்துப் போனால் பாதி நேரம் மிச்சம். சருகு வாருகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.